ஆற்றில் கிடைத்த கல்லூரிப் பையன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் லாகிராஸ் என்று ஓர் ஊர். 1997 முதல் 2006 வரை அங்கே கல்லூரி வயதுப் பையன்கள் எட்டுப் பேர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான்: இரவு நண்பர்களோடு குடிக்கப் போனான், நடுவில் எங்கோ பிரிந்தான், அப்புறம் உடல்தான் கிடைத்தது. மின்னசோட்டா, நியூயார்க், மிஷிகன் என்று வேறு மாநிலங்களிலும் இதே மாதிரி மரணங்கள் நடந்தன. எல்லாமே ஒரு கொலைகாரக் கும்பலின் வேலை என்று 2008இல் ஒரு பேச்சு கிளம்பியது. இன்றுவரை அது ஓயவில்லை. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பிய பெற்றோர் கேட்கிறார்கள், படிக்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பதில்கள்.

தொடர்கொலை என்று முதலில் சொன்னது யார்?

கெவின் கேனன் என்ற நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர். 1997 பிப்ரவரியில் ஃபோர்டம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மன்ஹாட்டனில் ஒரு பாரிலிருந்து வெளியே வந்து காணாமல் போனார். ஏப்ரலில் புரூக்ளின் கரையோரத் தண்ணீரில் உடல் கிடைத்தது. அந்த வழக்கை விடமாட்டேன் என்று பெற்றோருக்குக் கேனன் வாக்குக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாக்கை அவர் மறக்கவில்லை. தன்னோடு வேலை பார்த்த ஆன்டனி டுவார்ட்டே, மின்னசோட்டாவில் செயின்ட் கிளவுட் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் லீ கில்பர்ட்சன் இருவரோடும் சேர்ந்து பழைய வழக்குகளைத் தோண்டினார். 2008இல் அவர்கள் பொதுவெளியில் சொன்னது இதுதான்: 11 மாநிலங்களில் 40 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், யாரோ இவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து, கொன்று, ஆற்றில் போடுகிறார்கள், சில இடங்களில் உடல் தண்ணீரில் இறங்கியதாக நாங்கள் கருதும் இடத்துக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. 'சிரிக்கும் முகக் கொலைகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

போலீஸ் தரப்பில் என்ன சொன்னார்கள்?

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அதே 2008இல் அறிக்கை விட்டது. இந்த மரணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சான்று எதுவும் இல்லை, பெரும்பாலானவை குடிபோதையோடு தொடர்புடைய நீர்மரணங்களாகவே தெரிகின்றன என்பது அதன் சாரம். 2010இல் மின்னசோட்டாவின் மின்னியாபொலிஸ் நகரில் உள்ள கொலை ஆய்வு மையம் ஒன்றும் இந்தக் கருத்தைப் புள்ளி புள்ளியாக எடுத்து மறுத்தது. லாகிராஸ் போலீஸ் தொடக்கத்திலிருந்தே விபத்து என்றுதான் சொல்லிவருகிறது.

என் கருத்தும் கும்பல் எதுவும் இல்லை என்பதுதான். ஆனால் தனித்தனியாக எடுத்தால் சில மரணங்களில் போலீஸ் அவசரப்பட்டு கோப்பை மூடியது என்றும் நம்புகிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஆனால் அந்தச் சிரிக்கும் முகம்? அதற்கு என்ன விளக்கம்?

வட்டத்துக்குள் இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு. மாசச்சூசெட்ஸின் வூஸ்டர் நகரில் ஹார்வி பால் என்ற ஓவியர் 1963இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வரைந்த மஞ்சள் முகம் உலகம் முழுக்கப் பரவியது. சுவரில் கிறுக்குகிற எவருக்கும் கை தானாக வரையும் படம் அது. பாலத்தடி, படகுத்துறை, கரைச்சுவர் என்று ஆற்றோரத்தில் சாயம் தெளிக்காத இடம் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. பல வழக்குகளில் பையன் எந்த இடத்தில் தண்ணீரில் விழுந்தான் என்பதே உறுதியாகத் தெரியாது. அப்போது கரை நெடுகத் தேடவேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் தேடினால் ஒரு சிரிக்கும் முகம் கண்ணில் படாமல் இருந்தால்தான் வியப்பு. கிடைத்த படங்களின் நிறமும் வடிவமும் ஒத்துப்போகவும் இல்லை, எப்போது வரையப்பட்டவை என்று சொல்லவும் வழியில்லை.

என் மகன் நன்றாக நீந்துவான். விளையாட்டு வீரன். அவன் எப்படி மூழ்குவான்?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் மனதை அதிகம் பிசைவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் மனதில் வைத்திருக்கும் நீச்சல், தயாராகத் தண்ணீரில் இறங்கும் நீச்சல். பகல் வெளிச்சம், நீச்சல் உடை, தெளிந்த தலை. இங்கே நடப்பது வேறு. இரவு இரண்டு மணி. கால்சட்டை, கனமான மேல்சட்டை, ஷூ. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத இருட்டு. அந்த நிலையில் எதிர்பாராமல் உள்ளே விழுகிறான்.

குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் உடல் தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். 'ஹ்' என்று வாய் திறக்கும், அதைத் தடுக்க யாராலும் முடியாது. அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல, ஆறு. அதில் தப்பினாலும் அடுத்த ஒரு நிமிடத்துக்கு மூச்சு கட்டுக்குள் வராமல் வேகவேகமாக இரைக்கும். இதுபற்றி நிறைய ஆராய்ந்தவர் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட். மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். இந்தக் கணக்கும் தெளிவாக இருக்கிற ஆளுக்குத்தான். விரல்கள் விறைத்த பிறகு கரையின் கல்லைப் பிடித்தாலும் பிடி நிற்காது.

இதோடு மதுவைச் சேர்த்துப் பாருங்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பையே மது குழப்பிவிடும். தரையிலேயே தள்ளாடும் ஆளுக்கு இருட்டுத் தண்ணீருக்குள் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று எப்படித் தெரியும்? தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் உடற்சூடும் சீக்கிரம் போகும். விஸ்கான்சினில் வண்டி ஓட்டுபவருக்கான ரத்த மது வரம்பு 0.08 சதவீதம். லாகிராஸ் ஆற்றில் இறந்தவர்களில் பலருக்கு இருந்தது அதன் இரு மடங்குக்கும் மேல்.

அவ்வளவு பேர் நடமாடும் இடத்தில் யாருக்கும் கூச்சல் கேட்கவில்லையா?

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. கத்த மூச்சு வேண்டும். அந்த மூச்சுக்குத்தான் அவர் போராடிக்கொண்டிருக்கிறார். நியூயார்க் கடற்கரை உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வருவது, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்துவது, கையசைத்துக் கூப்பிட முடியாதது எல்லாவற்றையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும். பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியாமல் போகலாம்.

வீடு ஒரு பக்கம், ஆறு எதிர்ப்பக்கம். அவன் ஏன் அங்கே போனான்?

நியாயமான கேள்வி. லாகிராஸில் பார்கள் நிறைந்த மூன்றாம் தெருவிலிருந்து ரிவர்சைடு பூங்கா கூப்பிடு தூரம். பூங்காவைத் தாண்டினால் மிசிசிப்பி. பல்கலைக்கழகமோ கிழக்கே இருக்கிறது. வீட்டுக்குப் போகிறவன் ஆற்றை முதுகுக்குப் பின்னால் விட்டு நடக்கவேண்டும்.

நிறையக் குடித்தவருக்கு நினைவில் படியாத நேரம் என்று ஒன்று உண்டு. பேசுவார், நடப்பார், பார்ப்பவருக்கு ஓரளவு நிதானமாகவே தெரிவார். ஆனால் மூளை எதையும் பதிந்துகொள்ளாது. ஒரு திருப்பம் தவறினால் போதும், தவறியதே தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். அப்புறம், எழுதக் கூச்சமாக இருந்தாலும் சொல்லவேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது: சிறுநீர். பார் மூடிய பிறகு ஆண்கள் இருட்டான, ஆளில்லாத இடம் தேடுவார்கள். ஆற்றோரத்தைவிட வசதியான இடம் எது? நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயங்கி விழுவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். மது அதற்கு இன்னும் இடம் கொடுக்கும்.

கொலைகாரன் இல்லையென்றால் ஏன் ஆண்கள் மட்டும் சாகிறார்கள்? பெண்களும்தானே குடிக்கிறார்கள்?

நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஆண்களே அதிகம். அமெரிக்காவில் ஏறக்குறைய 80 சதவீதம். ஆற்றோரக் கல்லூரி ஊருக்கு மட்டும் உரிய கணக்கல்ல இது, எல்லா வகை நீர்மரணங்களுக்கும் பொருந்தும்.

பெண்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். ஒருத்தி தள்ளாடினால் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்வார்கள். அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று போன் செய்து கேட்பார்கள். பையன்கள் விஷயத்தில் "அவன் பாத்துக்குவான்" என்று விட்டுவிடுகிறோம். அவனும் "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

தேடிய இடத்திலேயே பல வாரம் கழித்து உடல் கிடைக்கிறதே, யாரோ கொண்டுவந்து போட்டதுபோல?

மூழ்கியதும் உடல் பெரும்பாலும் அடியில் போய்த் தங்கும். உள்ளே வாயு உண்டானால்தான் மேலே வரும். வாயு உண்டாக வெப்பம் வேண்டும். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிர்கால ஆற்றில் அது மாதக்கணக்கில் நடக்காமல் இருக்கலாம். நவம்பரில் விழுந்தவர் மார்ச்சில் மிதப்பது அதனால்தான். கலங்கிய தண்ணீரில் முக்குளிப்பவருக்குத் தன் கையே தெரியாது, விரலால் தடவித்தான் தேடவேண்டும். அதனால் 'தேடிவிட்டார்கள்' என்பதும் 'அங்கே இல்லை' என்பதும் ஒன்றாகிவிடாது.

ஆனாலும் கேட்கவேண்டிய கேள்விதான். உடலின் நிலை, காணாமல் போன நாட்களோடு ஒத்துப்போகவில்லை என்று குடும்பம் சொன்னால் அதைத் தனி மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்வதுதான் முறை.

உடலில் காயம் இருந்ததாம், ரத்தத்தில் ஜிஹெச்பி மயக்கமருந்து இருந்ததாம். இது போதாதா?

அடியில் கிடக்கும் உடல் பொதுவாகக் குப்புறவே இருக்கும், கை கால் தொங்கும். நீரோட்டம் இழுக்கும்போது நெற்றி, புறங்கை, முட்டி, கால்விரல் ஆகியவை மணலிலும் கல்லிலும் உரசும். அந்த இடங்களில் மட்டும் சிராய்ப்பு என்றால் பெரும்பாலும் ஆறு செய்த வேலை. கழுத்தில் அழுத்திய தடம், கையில் தற்காப்புக் காயம், உயிரோடு இருந்தபோதே ரத்தம் கட்டிய இடம் ஆகியவை முற்றிலும் வேறு. பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிப் படியுங்கள். 'காயம் இருந்தது' என்ற ஒற்றை வார்த்தையை வைத்து எந்தப் பக்கமும் முடிவு எடுக்கவேண்டாம்.

ஜிஹெச்பி சிக்கலான பொருள். நம் உடலிலேயே சிறிதளவு இருக்கிறது, இறந்த பிறகு அதன் அளவு கூடவும் செய்யும். ஆகவே உடலில் அது இருந்தது என்பது மட்டும் யாரோ கலந்துகொடுத்ததற்குச் சான்றாகாது. மதுவும் அப்படித்தான்: அழுகும் உடலில் நுண்ணுயிரிகள் மதுவை உண்டாக்கும். அதனால்தான் ரத்தத்தோடு, கண்ணுக்குள் இருக்கும் திரவத்தையும் சிறுநீரையும் சேர்த்துப் பரிசோதிக்கிறார்கள். அப்படிச் செய்தார்களா என்று குடும்பம் கேட்கலாம், கேட்கவேண்டும்.

அப்படியானால் ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை என்கிறீர்களா?

இல்லை. மின்னியாபொலிஸ் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

2002 அக்டோபர் 31, வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவு. மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவரை ஒரு பாரிலிருந்து வெளியேற்றுகிறார்கள். குளிர் இரவு. மேல்கோட்டு இல்லை, போன் இல்லை, பணப்பை இல்லை. உடம்பில் இருந்தது ஹாலோவீன் வேடம் மட்டும். நான்கு மாதம் கழித்து, 2003 பிப்ரவரி கடைசியில், மிசிசிப்பியில் உடல் கிடைத்தது. வேடம் அப்படியே இருந்தது. கைகள் மார்பின்மேல் குறுக்காக மடிந்திருந்தன. குடித்துவிட்டு விழுந்திருப்பார் அல்லது குதித்திருப்பார் என்று முதலில் சொன்னார்கள். பெற்றோர் விடவில்லை. 2006 நவம்பரில் மின்னியாபொலிஸ் போலீஸ் அதைக் கொலை என்று வகை மாற்றியது. காவல்துறைத் தலைவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பெற்றோர் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: 'குடித்திருந்தான்' என்பது விசாரணையின் தொடக்கமாக இருக்கட்டும், முடிவாக வேண்டாம். அதில் அவர்கள் பக்கம்தான் நான். ஒரு மரணம் கொலையாக இருந்தாலும் அதனால் நாற்பது மரணமும் ஒரே ஆளின் கொலையாகிவிடாது. ஆனால் அந்த ஒன்றை விபத்துக் கணக்கில் சேர்த்துவிட்டுப் போவது அநியாயம்.

இறப்புச் சான்றிதழில் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று போட்டிருக்கிறது. மூடிமறைக்கிறார்களா?

அமெரிக்காவில் மரணத்தின் தன்மையை ஐந்து விதமாகக் குறிப்பார்கள்: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க இயலாதது. மூழ்கி இறந்தார் என்பதற்குத் திட்டவட்டமான ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வருகிறார்கள். மூழ்கியதுதான் காரணம் என்று தெரிந்தாலும் தானாக விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்பதை உடல் சொல்லாது. அந்த இடத்தில் மருத்துவர் நேர்மையாக எழுதக்கூடியது 'தீர்மானிக்க இயலவில்லை' என்பதுதான். குடும்பத்துக்கு அது கொடுமையான வார்த்தை. ஆனால் புதிய தகவல் வந்தால் அந்த முடிவை மாற்ற வழி இருக்கிறது, மின்னியாபொலிஸில் மாறியதுபோல.

ஒரே ஊரில் எட்டுப் பேர். தற்செயலா?

தற்செயல் என்று சொல்லமாட்டேன். மூன்று கல்லூரிகள், நெருக்கமாக அடுக்கிய பார்கள், இரண்டு தெரு தள்ளிப் பெரிய ஆறு, இலையுதிர் காலத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெரிய பீர் திருவிழா. எட்டாவது மரணம் 2006இல் அந்தத் திருவிழா நாட்களில்தான் நடந்தது. இத்தனையும் ஒரே இடத்தில் கூடினால் மரணமும் அங்கே கூடும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் கால்வாய்களிலும் இதே கதைதான்: 2015இல் 'தள்ளிவிடுகிறவன்' ஒருவன் உலவுவதாகப் பேச்சு எழுந்தது, போலீஸ் மறுத்தது. அங்கேயும் தண்ணீர் மதுக்கூடங்களை ஒட்டித்தான் ஓடுகிறது.

பையன் காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருந்துதான் புகார் தரவேண்டுமா?

வேண்டாம், உடனே தரலாம். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் புகார் வந்ததும் தேசியத் தகவல் தொகுப்பில் பதியவேண்டும் என்று 2003 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. கல்லூரி விடுதியில் தங்கும் மாணவர் 24 மணி நேரமாகக் காணவில்லை என்று தெரிந்தால் கல்லூரி போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2008 உயர்கல்விச் சட்டம் சொல்கிறது.

மின்னசோட்டாவில் 2009இல் வந்த சட்டத்துக்குப் பின்னால் ஒரு இரவு இருக்கிறது. 2008 மே மாதம் 19 வயது மாணவர் ஒருவரின் கார் கிராமப்புறத்தில் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பெற்றோருக்குப் போன் செய்தார். அவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரு தரப்பும் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டும் ஒருவரை ஒருவர் காண முடியவில்லை. மகன் நடக்கத் தொடங்கினார். அப்பா போனிலேயே இருந்தார். 47 நிமிடம். பிறகு ஒரு பதற்றச் சொல், அத்தோடு சரி. மோப்ப நாய்கள் ஓர் ஆற்றை நோக்கிப் போயின. அவர் இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த வயதுப் பையன் ராத்திரி வராமல் இருப்பது சகஜம் என்றுதான் காலையில் போலீசில் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. வயது வந்தவர் ஆபத்தில் இருக்கலாம் என்றால் உடனே விசாரணையைத் தொடங்கவேண்டும் என்பதை அந்தப் பெற்றோர்தான் போராடிச் சட்டமாக்கினார்கள்.

லாகிராஸ் மாணவர்கள் என்ன செய்தார்கள்?

2006 மரணத்துக்குப் பிறகு மாணவர்களே ஆற்றுக்காவல் தொடங்கினார்கள். வாரக்கடைசி இரவுகளில் ரோந்துச் சட்டை போட்டுக்கொண்டு ரிவர்சைடு பூங்காவில் தன்னார்வலர்கள் நடக்கிறார்கள். போதையில் கரையை நோக்கி வருகிறவரிடம் பேச்சுக் கொடுத்து ஊர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கொலைகாரன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நடை பயன்படும். அதனால்தான் எல்லா விவாதத்தையும்விட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

நண்பன் "நான் தனியாப் போறேன்" என்கிறான். நிறையக் குடித்திருக்கிறான். என்ன செய்வது?

விடாதீர்கள். கோபப்படுவான், திட்டுவான், காலையில் அது ஞாபகமும் இருக்காது. கோட்டும் போனும் அவன் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்சியில் ஏற்றிவிட்டால் போதாது, வீட்டுக் கதவுக்குள் போனதும் போன் செய்யச் சொல்லுங்கள். பாரிலிருந்து அவனை வெளியேற்றினால் நீங்களும் கூடவே வெளியே வாருங்கள். மயங்கிக் கிடந்தால் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். வயது குறைந்தவர் குடித்ததற்காக மாட்டிக்கொள்வோமோ என்று தயங்கவேண்டாம். உதவி கேட்டவரைத் தண்டிக்காத சட்டம் மின்னசோட்டாவில் 2013 முதலும், வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது. யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். 911க்குச் சொல்லிவிட்டு, மிதவையோ கயிறோ கோட்டோ எது கிடைக்கிறதோ அதை அவன் கைக்கு எட்டும்படி வீசுங்கள். அவன் தலை கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.